முதியோர் கையில் கணினி விளையாட்டு: வீடுகளில் நேரும் தவறுகள்

சென்னையில் பல வீடுகளில், வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட பிள்ளைகள் பெற்றோருக்கு ஒரு டேப்லெட்டை வாங்கித் தந்து, "தினமும் இதில் விளையாடுங்கள், ஞாபக மறதி வராது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அக்கறையோடு சொல்லும் அந்த வார்த்தையிலேதான் முதல் தவறு இருக்கிறது.

ஒரு விளையாட்டில் கை தேர்வது வேறு, நினைவாற்றல் வளர்வது வேறு. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'ஆக்டிவ்' ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரில் ஒரு குழுவுக்கு நினைவாற்றலிலும், ஒரு குழுவுக்குத் தர்க்கச் சிந்தனையிலும், இன்னொரு குழுவுக்குக் கணினித் திரையில் தோன்றி மறைவதை விரைவாகக் கண்டுகொள்வதிலும் பயிற்சி தந்தார்கள். எவர் எதில் பழகினாரோ அதில்தான் முன்னேறினார். வேகப் பயிற்சி பெற்றவர்களிடையே மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது என்று பல ஆண்டுகள் கழித்து வெளிவந்த முடிவு நம்பிக்கை தருவதுதான்; ஆனால் அது அந்தக் குறிப்பிட்ட பயிற்சியைப் பற்றியது, அதை எல்லாச் செயலிகளுக்கும் பொருத்திவிடக் கூடாது. வயதினால் வரும் மறதியைத் தள்ளிப்போடலாம் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்கும் லுமோசிட்டி நிறுவனம் 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அடுத்த தவறு, பழகிப்போன ஆட்டத்தையே மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பது. 60 முதல் 85 வயதுவரை உள்ளவர்களின் கவனத்தைக் கூர்மையாக்கியதாக 2013இல் அறியப்பட்ட 'நியூரோரேசர்' விளையாட்டில், கார் ஓட்டிக்கொண்டே திரையில் வரும் குறியீடுகளையும் கவனிக்க வேண்டும். ஆடுபவரின் திறமை கூடக்கூட ஆட்டமும் கடினமாகும். சுலபமான சுடோகுவைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டவர் அடுத்த நிலைக்குப் போக வேண்டும், அல்லது வேறு ஆட்டத்துக்கு மாற வேண்டும்.

மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியம்மா விளையாட்டை வெறுத்ததற்குக் காரணம் விளையாட்டே அல்ல என்பது, ஒருநாள் அருகில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆட்டத்தின் நடுவே விளம்பரம் வரும். அதை மூடுவதற்கான பெருக்கல் குறி ஓர் எள்ளளவுதான் இருக்கும். வறண்டு போன அவர் விரலைத் திரை உணராததால் இரண்டு மூன்று முறை அழுத்துவார். விரல் சற்று விலகிப் பட்டதும் வேறேதோ பக்கம் திறந்துகொள்ளும். தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து டேப்லெட்டை மேசைமேல் வைத்துவிடுவார். விளம்பரமில்லாத விளையாட்டு, பெரிய எழுத்து, தொடுதிரைப் பேனா, ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாத இடம் என்று இவற்றை மாற்றிய பிறகு அவராகவே எடுத்து ஆடத் தொடங்கினார். கண்புரையோ காது மந்தமோ இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். 2024இல் வெளியான, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையே பார்வைக் குறைவையும் கேட்கும் திறன் குறைவையும் மறதிநோய்க்கான காரணிகளில் சேர்த்திருக்கிறது.

மாலை நடையை விட்டுவிட்டு விளையாடுவது லாபமில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் நான்கு பேருடன் பேசிக்கொண்டே நடப்பது உடலுக்கும் மனத்துக்கும் செய்வதைத் தனியாகத் திரை முன் உட்கார்ந்து பெற முடியாது. பேரனோ பேத்தியோ சேர்ந்து ஆடினால் இன்னும் நல்லது, ஆனால் "இதுகூடத் தெரியலையா பாட்டி?" என்ற ஒரு சொல் போதும், அவர் மறுபடியும் அதைத் தொடமாட்டார். பணம் வைத்து ஆடும் ரம்மி அறவே வேண்டாம். அத்தகைய இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, விளையாட்டைக் கொடுத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவது. பழகிய தெருவில் வழி தடுமாறுவது, சொன்னதையே சில நிமிடங்களில் திரும்பக் கேட்பது, பல காலமாகப் பார்த்துவந்த வங்கிக் கணக்கில் குழம்புவது போன்றவற்றை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவும், வைட்டமின் பி12 குறைவும், மனச்சோர்வும், சில மாத்திரைகளும்கூட மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதியோருக்கென்றே கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், தூக்கத்துக்காக எப்போதாவது போடுவது உட்பட, அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.