வெறுப்புப் பேச்சை ஆராய்வது எப்படி: ருவாண்டாவிலிருந்து ஒரு பாடம்

வெறுப்புப் பேச்சை ஆராயக் கிளம்புகிற பலரும் முதலில் வசைச்சொற்களைப் பொறுக்கி எண்ணத்தான் உட்காருகிறார்கள். அதில் பெரிதாக எதுவும் கிடைக்காது. வசைக்கு அடியில் ஒரு கதை ஓடும், தேட வேண்டியது அதைத்தான். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994-ல் பெரும்பான்மை ஹூட்டு இனத்தின் தீவிரவாதிகள் சிறுபான்மைத் துட்சிகளை இனப்படுகொலை செய்தார்கள். அதற்கு முன்பே, 1992 நவம்பர் 22 அன்று ஆளுங்கட்சிப் பிரமுகர் லியோன் முகெசெரா கபாயாவில் பேசிய பேச்சை வைத்தே பார்ப்போம்.

முதலில் முழுப் பேச்சையும் கையில் வாங்குங்கள். யார், எங்கே, யார் முன்னால், எப்போது பேசினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். செய்தியில் வந்த நாலு வரியை நம்பி இறங்க வேண்டாம். முகெசெரா கனடாவுக்குப் போன பிறகு அவரை நாடு கடத்தும் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அதில், ருவாண்டாவின் மொழியான கிண்யருவாண்டாவில் இருந்த அந்தப் பேச்சின் மொழிபெயர்ப்பு சரியா என்பதே பெரிய சர்ச்சை.

அப்புறம் வரிவரியாகப் படியுங்கள். உங்கள் ஊர் எத்தியோப்பியா, சீக்கிரம் போய்ச் சேர நியாபரோங்கோ ஆற்று வழியாக அனுப்பிவைக்கிறோம் என்று ஒருவரிடம் தான் சொன்னதாக முகெசெரா கூட்டத்தில் சொல்கிறார். இதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் ஏன் எத்தியோப்பியா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். அந்தப் பகுதியின் ஆளும் குலங்கள் எத்தியோப்பியப் பக்கமிருந்து வந்த உயர்ந்த இனம் என்று 1863-ல் ஆங்கிலேயப் பயணி ஜான் ஹானிங் ஸ்பீக் வெறும் ஊகமாக எழுதினார்; பின்னால் ருவாண்டாவை ஆண்ட பெல்ஜிய ஆட்சியாளர்கள் அதை நம்பி, அந்த உயர்ந்த இனம் துட்சிகள்தான் என்று அவர்களுக்குப் படிப்பும் பதவியும் கொடுத்தார்கள், 1930களில் அடையாள அட்டையிலேயே இனத்தைப் பதிந்தார்கள்; பின்னால் வந்த ஹூட்டு தீவிரவாதிகள் அதே கதையைத் தலைகீழாக்கி, துட்சிகள் வந்தேறிகள், திரும்பிப் போகட்டும் என்றார்கள். கதையைக் கட்டியது யார், அரசு ஆவணத்தில் ஏற்றியது யார், ஆயுதமாக எடுத்தது யார் என்று தனித்தனியாக எழுதிவையுங்கள். கருத்தியல் வேர் என்பது இதுதான். 1994-ல் துட்சிகளின் உடல்கள் அதே ஆற்றில்தான் மிதந்து போயின.

இன்னொன்றையும் கவனியுங்கள்: பயம். தாங்கள் செய்யப்போவதை எதிரி செய்யப்போவதாகச் சொல்லிப் பழிபோடும் உத்தியை விளக்கும் குறிப்பு ஒன்று ருவாண்டாவின் புட்டாரேயில் கிடைத்ததை, இந்தப் படுகொலையை ஆராய்ந்த அலிசன் டெ ஃபோர்ஜ் பதிவு செய்திருக்கிறார். என்னைக் கேட்டால், இழிவுச் சொற்களைவிட இந்தப் பயமூட்டல்தான் ஆபத்து. கொலையைத் தற்காப்பு என்று நம்பவைக்கிறது அது.

பேச்சு இருந்தது, கொலையும் நடந்தது, ஆகவே பேச்சுதான் காரணம் என்று மட்டும் தாவாதீர்கள். துட்சிகள் மேல் வெறுப்பைப் பரப்பிய ஆர்.டி.எல்.எம். வானொலியைப் பற்றி இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படியுங்கள். ஸ்காட் ஸ்ட்ராஸ் சிறையிலிருந்த கொலையாளிகளிடமே போய்ப் பேசினார். ரேடியோவைவிட, நேரில் வந்து கூப்பிட்ட உள்ளூர்த் தலைவர்களும் அக்கம்பக்கத்தாரும்தான் அவர்களை அதிகம் இழுத்திருந்தார்கள். டேவிட் யனாகிசாவா-ட்ராட், மலை மறைத்ததால் ஒலிபரப்பு எட்டாத ஊர்களையும் எட்டிய ஊர்களையும் ஒப்பிட்டு, வன்முறையில் சுமார் 10 சதவீதத்துக்கு அந்த வானொலி காரணம் என்று 2014-ல் கணக்கிட்டார். ஒன்று ஆட்களைக் கேட்டது, மற்றொன்று நிலப்பரப்பை வைத்து அளந்தது. இரண்டும் வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால், மாண்ட்ரியலின் கன்கார்டியா பல்கலைக்கழகம் ஆர்.டி.எல்.எம். ஒலிபரப்புகளின் எழுத்து வடிவத்தைத் திரட்டியிருக்கிறது. படுகொலை தொடங்கிய 1994 ஏப்ரல் 6-க்கு முந்தையவற்றிலிருந்து தொடங்குங்கள். கொல்லச் சொல்லும் அழைப்பு வெளிப்படையாக வருவதற்கு முன்னால் கதையை எப்படிக் கட்டினார்கள் என்பது அங்கேதான் தெரியும்.