பழைய கொம்பியூட்டரில் லினக்ஸ் போட்டாச்சு, சத்தம் மட்டும் வரவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஒரு லப்டொப் லேசில் குப்பைக்குப் போகாது. அண்ணன் கம்பஸுக்குக் கொண்டுபோனது, தங்கையின் உயர்தரப் பரீட்சை வரைக்கும் ஓடி, பிறகு மாமி வீட்டுச் சின்னவனிடம் போய்ச் சேரும். விண்டோஸ் திறக்கவே கால் மணித்தியாலம் எடுக்கிற கட்டத்தில் யாராவது ஒருத்தர் ஆன்டிஎக்ஸோ பப்பி லினக்ஸோ லுபுண்டுவோ, இப்படி ஒரு லேசான லினக்ஸைப் போட்டுக் கொடுப்பார்கள். மெஷின் திரும்ப ஓடத் தொடங்கும், வைஃபை பிடிக்கும், படம் ஓடும், சத்தம் மட்டும் வராது. உடனே எல்லாரும் சொல்வது, "சவுண்ட் கார்ட் போயிட்டுது". உப்புவெளியிலும் டவுனிலும் நான் பார்த்த இப்படியான மெஷின்களில் சவுண்ட் கார்ட் உண்மையாகவே செத்துப் போயிருந்தவை மிகச் சில. மற்றவற்றில் ஏதோ ஒரு சேனல் அடைத்துக் கிடந்தது, இல்லாவிட்டால் சத்தம் வேறு வாசலால் போய்க்கொண்டிருந்தது.

அதனால் முதல் தவறு, எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கை வைப்பது. ஒரு பாட்டு உங்கள் காதுக்கு வருமுன் பல இடம் கடந்து வருகிறது. பிரவுசரோ பிளேயரோ அதைக் கொடுக்கிறது, பல்ஸ்ஓடியோ அல்லது பைப்வயர் என்ற சவுண்ட் சேர்வர் அதை வாங்குகிறது (சில லேசான லினக்ஸில் இந்தப் படியே இருக்காது), அதற்குக் கீழே லினக்ஸின் நடுப்பகுதியான கேர்னலில் இருக்கிற அல்சா அதைக் கார்ட்டுக்குக் கொடுக்கிறது, கார்ட்டிலிருந்து ஓட்டை, ஓட்டையிலிருந்து வயர், வயரிலிருந்து ஸ்பீக்கர். அல்சா 2003 கடைசியில் வந்த 2.6 கேர்னலிலிருந்தே லினக்ஸோடு சேர்ந்து வருவதால் பழைய மெஷின்களின் கார்ட்டுகளை அதற்கு நன்றாகவே தெரியும். 1997 காலத்து ஏசி97 ஆக இருந்தாலும் சரி, 2004 இல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஓடியோவாக இருந்தாலும் சரி, டிரைவர் தேடி இணையத்தில் அலையத் தேவையில்லை.

ஆனால் விண்டோஸ் பழக்கத்தில் நாம் செய்வது அதைத்தான். "ரியல்டெக் டிரைவர் லினக்ஸுக்கு" என்று தேடி எங்கேயோ கிடந்த ஒரு ஃபைலை இறக்கிப் போடப் பார்ப்பது. அதை விடுங்கள். கட்டளை எழுதுகிற ஜன்னலான டெர்மினலைத் திறந்து 'ஏபிளே' (aplay) என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, சின்னக் கோடும் சின்ன 'எல்' எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். கார்ட்டின் பெயர் வந்தால் டிரைவர் இருக்கிறது, அந்தக் கவலை முடிந்தது. கார்ட்டே இல்லை என்று சொன்னால் அதே கட்டளையை முன்னால் நிர்வாகி உரிமை தருகிற 'சூடோ' (sudo) சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது மட்டும் பெயர் வருகிறது என்றால் பிரச்சினை அனுமதியில் இருக்கிறது, உங்கள் பயனர் பெயர் 'ஓடியோ' குழுவில் இல்லை. யூசர்மொட் (usermod) கட்டளையால் சேர்க்கலாம், ஆனால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது: பெரிய 'ஜி'க்கு முன்னால் சின்ன 'ஏ' போட மறந்தால் புதிய குழுவில் சேர்த்துவிட்டு மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் உங்களைத் தூக்கிவிடும், சூடோ உரிமையும் அதோடு போய்விடும். சேர்த்த பிறகு லொக் அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். சூடோவிலும் கார்ட் தெரியவில்லையா, மெஷின் ஏறும்போதே திறக்கிற பயோஸ் செட்டிங்குக்குள் போய் ஒன்போர்ட் ஓடியோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அல்சாமிக்ஸர். இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அல்சா ஒரு கார்ட்டை முதல்முதல் பிடிக்கும்போது அதன் சேனல்களை மியூட் செய்து வைத்திருப்பது வழக்கம். டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்' (alsamixer) என்று அடித்தால் நிமிர்ந்த கம்பங்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி. அதில் '00' என்று இருந்தால் திறந்திருக்கிறது, 'எம்எம்' என்று இருந்தால் மூடியிருக்கிறது. கம்பம் உச்சி வரை ஏறியிருந்தாலும் அடியில் எம்எம் இருந்தால் ஒரு துளி சத்தமும் வராது. டாஸ்க்பாரில் இருக்கிற வொலியூமை நூறுக்குத் தள்ளிவிட்டு "எல்லாம் கூட்டியாச்சு" என்று உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. அம்பு விசையால் மாஸ்டர், பிசிஎம், ஃபிரன்ட், ஸ்பீக்கர், ஹெட்போன் ஒவ்வொன்றுக்கும் போய் 'எம்' விசையை அழுத்தித் திறந்துவிடுங்கள். மாஸ்டரைத் திறந்து பிசிஎம்மை விட்டுவிட்டால் பலனில்லை.

பல்ஸ்ஓடியோவோ பைப்வயரோ ஓடுகிற மெஷினில் அல்சாமிக்ஸரைத் திறந்தால் ஒரே ஒரு மாஸ்டர் கம்பம்தான் தெரியலாம். இதுதான் இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள். எஃப்6 அழுத்தி உண்மையான கார்ட்டின் பெயரைத் தெரிவு செய்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கிற மற்றக் கம்பங்கள் வெளியே வரும்.

அப்புறம் 'ஓட்டோ-மியூட் மோட்' என்று ஒன்று. ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக நிறுத்துவது அதன் வேலை. பழைய ஜாக்கில் உள்ளே இருக்கிற சின்னத் தகடு வளைந்தோ துருப்பிடித்தோ போனால், எதுவும் செருகாமலே ஹெட்போன் இருப்பதாக அது நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை அடைத்து வைக்கும். அதை 'டிசேபிள்ட்' ஆக மாற்றிப் பாருங்கள். ஏசி97 காலத்து சில லப்டொப்களில், குறிப்பாக அனலொக் டிவைசஸ் சிப் போட்டவற்றில், 'ஹெட்போன் ஜாக் சென்ஸ்', 'லைன் ஜாக் சென்ஸ்' என்று இரண்டு இருக்கும். மற்றதெல்லாம் திறக்க வேண்டும், இவை இரண்டையும் மூட வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவிட்டேன், இன்னும் வரவில்லை என்று சொல்பவர் இதையும் பார்க்கட்டும். வேறு சிலவற்றில் 'எக்ஸ்டேர்னல் அம்ப்ளிஃபையர்' என்ற ஒன்று சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கும், அதையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

ஆர்வத்தில் எல்லாக் கம்பத்தையும் உச்சிக்கு ஏற்றுவதும் தவறுதான். மைக்கின் பிளேபேக் சேனல் திறந்தால் மைக்கில் விழுவது ஸ்பீக்கரில் வந்து, அது திரும்ப மைக்கில் விழுந்து, கோயில் மைக் செட் மாதிரிக் கீச்சிடும். எல்லாம் சரிவந்த பிறகு 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' (alsactl store) என்ற கட்டளையை சூடோவோடு ஓட்டிச் சேமித்து வையுங்கள். இன்றைக்கு வந்த சத்தம் நாளைக் காலையில் இல்லை என்றால் பல நேரம் காரணம் இதுதான். பப்பி லினக்ஸில் வேலை நடப்பது ரேமில், ஆகவே நிறுத்தும்போது செஷனைச் சேமிக்கச் சொல்லாவிட்டால் செய்த அத்தனையும் போய்விடும்.

வேறு வாசலால் போகிற கதைக்கு வருகிறேன். போன வருஷம் சாம்பல்தீவில் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போனேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. பாட வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, சேர் பலகையில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை, எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு கடையில் இரண்டு முறை திரும்ப இன்ஸ்டோல் செய்து, கடைசியில் மதர்போர்ட் பழுது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏபிளே பட்டியலைப் பார்த்தேன். கார்ட் 0 என்ற இடத்தில் டிவிக்குப் போகிற எச்டிஎம்ஐ, கார்ட் 1 என்ற இடத்தில் ஸ்பீக்கருக்குப் போகிற அனலொக். அது 2013 இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை புரொசசர். அந்தத் தலைமுறையில் எச்டிஎம்ஐக்குத் தனியாக ஒரு ஓடியோ கொன்ட்ரோலர் இருப்பதால் அது முதலாவதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸ் வழக்கம்போல 0 ஆம் கார்ட்டுக்கு சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது, அந்த வாசலில் ஒரு டிவியும் இல்லை.

சவுண்ட் சேர்வரை ஒழுங்குபடுத்துகிற பாவுகொன்ட்ரோல் (pavucontrol) என்ற நிரல் இருந்தால் அதில் 'கொன்ஃபிகரேஷன்' பக்கத்தில் அனலொக்கைத் தெரிவு செய்தால் போதும். வெறும் அல்சாவில் ஓடுகிற மெஷினில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'அசவுண்ட்ஆர்சி' (.asoundrc) என்ற ஃபைலில் பிசிஎம்முக்கு ஒரு வரி, சிடிஎல்லுக்கு ஒரு வரி, இரண்டிலும் இயல்பான கார்ட் 1 என்று எழுத வேண்டும். ஆன்டிஎக்ஸிலும் பப்பியிலும் இதைச் செய்து தர மெனுவில் கருவியே இருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு வரி எழுதினேன். சேரின் குரல் வந்ததும் அந்தப் பிள்ளை வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள், நான் வெளிக்கிட்டு வாசலுக்கு வரும்வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்ப இன்ஸ்டோல் செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். மியூட் ஆகியிருக்கிற கார்ட் புது இன்ஸ்டலேஷனிலும் மியூட்டாகத்தான் வரும், 0 ஆம் கார்ட் திரும்பவும் 0 ஆம் கார்ட்தான். அதற்குப் பதிலாக வேறொரு லினக்ஸை பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். லைவில் சத்தம் வந்தால் வன்பொருள் நல்லது, பழுது உங்கள் செட்டிங்கில். புதிய வெர்ஷன் போட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் பழைய மெஷினுக்குப் பொருந்தாது: 2025 இல் வந்த டெபியன் 13 இல் 32 பிட் மெஷின்களுக்கு இன்ஸ்டோலரே இல்லை, அவற்றுக்கு டெபியன் 12 வரைதான்.

எல்லாவற்றிலும் மோசமானது, எப்போதோ எழுதிய பழைய குறிப்பைப் பார்த்து அப்படியே கொப்பி பண்ணி ஒட்டுவது. "பல்ஸ்ஓடியோவை அழித்துவிடு" என்று ஒரு குறிப்பு சொல்லும். அழிக்கும்போது கூடவே என்னென்ன போகப்போகிறது என்று பக்கேஜ்களைப் போடவும் அழிக்கவும் உதவுகிற ஏபிடி ஒரு பட்டியல் காட்டும், அதைப் படிக்காமல் 'வை' அழுத்தினால் டெஸ்க்டொப்பின் பாதி போய்விடலாம். இன்னொன்று, டிரைவர்களின் செட்டிங் இருக்கிற மோட்ப்ரோப் ஃபைலில் எச்டிஏ இன்டெல் டிரைவருக்கு 'மொடல்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லும். அந்த வரி அந்த ஆளின் லப்டொப்புக்கு எழுதியது. உங்களுடையதில் அது ஸ்பீக்கரையே இல்லாமல் ஆக்கலாம். ஒரு ஃபைலைத் தொடுமுன் பிரதி எடுத்து வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்து சோதியுங்கள், பலன் இல்லாவிட்டால் அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பைப்வயர் ஓடுகிற மெஷினில் பழைய பல்ஸ்ஓடியோவையும் சேர்த்து ஓடவிடக் கூடாது, இரண்டும் ஒரே கார்ட்டுக்கு அடிபடும்.

மற்ற எல்லாவற்றிலும் சத்தம் வந்து பயர்பொக்ஸில் மட்டும் வரவில்லை என்றால் கார்ட்டை விட்டுவிடுங்கள். 2017 இல் வந்த 52 ஆம் பதிப்பிலிருந்து மொசில்லா தருகிற பயர்பொக்ஸ் நேராக அல்சாவோடு கதைப்பதில்லை, பல்ஸ்ஓடியோவைக் கேட்கிறது. வெறும் அல்சா மெஷினில் 'ஏபல்ஸ்' (apulse) என்ற சின்ன நிரல் நடுவில் நின்று அதைச் சமாளிக்கும்.

நம் ஊருக்கு என்றே ஒன்று இருக்கிறது, கடல் காற்று. கடலோர வீடுகளில் ஜாக்கின் உள்ளே இருக்கிற உலோகம் கெதியாக உப்புப் பிடித்துவிடும். செருகியை மெல்லச் சுழற்றும்போது கரகர என்று வந்து ஒரு பக்கம் மட்டும் கேட்டால் சொஃப்ட்வெயரில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மெஷினை நிறுத்தி, கரண்டைக் கழற்றி, கொன்டாக்ட் கிளீனர் கொஞ்சம் செருகியில் பூசி, ஏழெட்டு முறை உள்ளே வெளியே போட்டு எடுங்கள். தண்ணீர் வேண்டாம். டெஸ்க்டொப் என்றால் பின்பக்கத்துப் பச்சை ஓட்டைதான் ஸ்பீக்கருக்கு, பிங்க் மைக்குக்கு, நீலம் லைன் இன். முன்பக்க ஓட்டைகளின் வயர் மதர்போர்ட்டில் மாட்டப்படாமலே இருக்கலாம், ஆகவே பின்னால் ஒரு சாதாரண இயர்போனைச் செருகித்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

உள்ளே இருக்கிற சின்ன வட்ட பட்டரியும் கவனிக்க வேண்டியது. அது செத்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும். அப்படியான மெஷினில் ஒரு பக்கேஜ் போடப் பார்த்தால் ஏபிடி ஏற்க மாட்டாது, பிரவுசரும் சான்றிதழ் பிழை காட்டும். சத்தத்துக்காகப் போட வேண்டியதைப் போட முடியாமல் இணையத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். தேதியைச் சரிசெய்தால் தீரும்.

ஜாக்கே உடைந்துவிட்டதென்றால் விரல் அளவு யுஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று போதும். லினக்ஸுக்கு அதைத் தெரியும், செருகினதும் ஏபிளே பட்டியலில் இன்னொரு கார்ட்டாக வந்து நிற்கும், மேலே சொன்ன மாதிரி அதைத் தெரிவு செய்ய வேண்டியதுதான். மதர்போர்ட்டைச் சுடவைத்து ஜாக் மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் வரவில்லை, யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் "சத்தம் வருதில்லை" என்று மட்டும் அனுப்பாதீர்கள். ஏபிளே காட்டிய பட்டியல், எஃப்6 அழுத்திக் கார்ட்டைத் தெரிவு செய்த பிறகு அல்சாமிக்ஸர் எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோ, எந்த லினக்ஸ் எந்தப் பதிப்பு, இயர்போனிலும் வரவில்லையா அல்லது ஸ்பீக்கரில் மட்டும்தானா. இந்த நாலும் இருந்தால் கன்னியாவில் இருக்கிறவருக்கு மூதூரில் இருந்தே பதில் சொல்லிவிடலாம்.