பார்னெட் போர், 1471: சாப்பாட்டு மேசையில் மூடுபனி

யார்க், லங்காஸ்டர் என்ற இரு அரச வம்சங்கள் இங்கிலாந்தின் அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்களில் ஒன்றை மேசையில் ஆடிப் பார்க்க ஆசையா? பார்னெட்டில் தொடங்குங்கள். 1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. லண்டனுக்கு வடக்கே யார்க் அரசர் நான்காம் எட்வர்டும், கட்சி மாறி லங்காஸ்டர் பக்கம் போன வாரிக் பிரபுவும் மோதினார்கள். அன்று பாதி வேலையைப் பார்த்தது பனிதான். பொம்மை வீரர்களெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

1. பழைய கல்யாணப் பத்திரிகைகளை 2 அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். பக்கத்துக்கு மூன்று அணி, அணிக்கு நான்கு அட்டை. தெற்கே எட்வர்ட்: இடது ஹேஸ்டிங்ஸ், நடுவில் அரசர், வலது குளோஸ்டர். வடக்கே வாரிக் படை: வலது ஆக்ஸ்ஃபோர்டு, நடுவில் மாண்டகு, இடது எக்ஸிடர். எட்வர்ட் அட்டைகளில் கதிர்விடும் சூரியன், ஆக்ஸ்ஃபோர்டுக்கு கதிரோடு நட்சத்திரம். ஸ்கெட்ச் பேனாவில் கொஞ்சம் கிறுக்கலாகவே வரையுங்கள், காரணம் இருக்கிறது.

2. எட்வர்ட் இருட்டில் வந்து படையை நிறுத்தியதால் இரு வரிசைகளும் நேருக்கு நேர் அமையவில்லை. அவர் வரிசையை ஓர் அட்டை அகலம் கிழக்கே தள்ளி வையுங்கள். இரு பக்கமும் வலது அணி எதிரியின் இடதைத் தாண்டி நீளும். அந்த அணிகளுக்கு முதல் மோதலில் கூடுதலாக 2 பகடை.

3. சண்டை எளிது. அட்டைக்கு ஒரு பகடை; 5, 6 விழுந்தால் எதிரிக்கு ஓர் அட்டை போச்சு. இரண்டு போனால் அணி ஓடும்.

4. இப்போது பனி. 6 அங்குலத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஹேஸ்டிங்ஸ் அணி ஓடினாலும் மற்ற யார்க் அணிகளுக்கு மனம் தளராது. நிஜத்திலும் அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. ஜெயித்த ஆக்ஸ்ஃபோர்டு துரத்தியே ஆக வேண்டும்: மூன்று சுற்று மேசைக்கு வெளியே. முதலில் இதை ஆட்டக்காரர் விருப்பத்துக்கு விட்டிருந்தேன். என் தம்பி துரத்தவே இல்லை, ஆட்டம் சப்பென்று போனது.

5. திரும்பும் ஆக்ஸ்ஃபோர்டு மாண்டகுவுக்கு 6 அங்குலத்தில் வந்ததும் பகடை போடுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால் நட்சத்திரம் சூரியனாகத் தெரிந்துவிட்டது: மாண்டகு சொந்தக் கூட்டாளி மேலேயே அம்பு விடுகிறார். "துரோகம்!" என்று கூச்சல் கிளம்பும், லங்காஸ்டர் அணிகள் ஒவ்வொன்றும் ஓர் அட்டை இழக்கும்.

வாரிக்குக்குத் தனி அட்டை. அவர் தரையில் நின்று போரிட்டார், குதிரை பின்னால் நின்றது. அதையும் வடக்கு விளிம்பில் வையுங்கள். அவர் படை உடைந்தபின் குதிரையை எட்டினால் ஆட்டம் சமன். நிஜ வாரிக்கோ தப்பி ஓடும்போது கொல்லப்பட்டார்.