பழைய பதிதர் கேஸை எப்படி படிக்கிறது

திருச்சபை வரலாறு படிக்க உக்காந்தா பதிதர் (சபை போதனைக்கு மாறா போதிச்சதா ஒதுக்கப்பட்டவங்க) லிஸ்ட்லதான் தலை சுத்தும், யாரு நிஜமாவே தப்பா போதிச்சாங்க யாரு சும்மா மாட்டிக்கிட்டாங்கன்னே புரியாது. நான் படிக்கிற முறையை ஒரே கேஸை வச்சு சொல்றேன். பிரிசில்லியன், ஸ்பெயின்ல ஆவிலா பிஷப், 385 வாக்குல ட்ரியர் நகரத்துல தலையை வெட்டினாங்க.

மொதல்ல எந்தக் குற்றத்துக்கு தண்டிச்சாங்கன்னு பாருங்க. பதிதம்னு கொன்னாங்கன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா கோர்ட்ல நின்ன கேஸ் சூனியம், ஏன்னா ரோமச் சட்டத்துல உயிரை எடுக்க அது போதும். 380ல சரகோசால நடந்த சங்கத்தோட, அதாவது பிஷப்புங்க கூட்டத்தோட விதிகள் இன்னைக்கும் கிடைக்குது, எடுத்துப் பாருங்க, அதுல இவர் பேரே இல்ல. இன்னொரு கூத்து, போர்டோ சங்கத்துல பிஷப்புங்க தீர்ப்பு வேணாம்னு பேரரசர் மாக்சிமுஸ்கிட்ட அப்பீல் போனதே இவர்தான். அந்த மாக்சிமுஸோ 383ல முந்தின பேரரசர் கிராத்தியனை ஒழிச்சுட்டு புதுசா நாற்காலில உக்காந்த ஆளு, தன்னை உத்தம கிறிஸ்தவனா காட்டிக்க வேண்டிய நிலைமை. இந்தத் தேதிகளை பக்கத்துல எழுதி வச்சுக்கிட்டுதான் படிக்கணும்.

அப்புறம், பிரிசில்லியனைப் பிடிக்காதவங்க என்ன சொன்னாங்கன்னு தேடுங்க, சிஷ்யனுங்க சொல்றதைவிட அதுக்கு வெயிட்டு ஜாஸ்தி. அந்தக் காலத்து வரலாறு எழுதின சுல்பீசியுஸ் செவேருஸ்க்கு பிரிசில்லியன் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது, ஆனாலும் குற்றம் சாட்டின இத்தாசியுஸ் பிஷப்பை அவர்தான் கிழி கிழின்னு கிழிக்கிறார், ஒருசந்தி இருந்தாலே, புத்தகம் படிச்சாலே அந்தாளு சந்தேகப்பட்டாராம். மாக்சிமுஸ் ஸ்பெயினுக்கு ஆள் அனுப்பி மிச்சப்பேரையும் பிடிக்க பிளான் போட்டப்போ, விசுவாசத்தைப் பாக்காம வெளுத்த மூஞ்சியையும் உடுப்பையும் பாத்தே பதிதன்னு முடிவு கட்டுவாங்கன்னு பயம் இருந்துச்சுன்னும் எழுதுறார். தூர்ஸ் நகரத்து பிஷப் மார்ட்டின் ட்ரியருக்கே போய் ரத்தம் சிந்தாதீங்கன்னு கெஞ்சி வாக்கு வாங்கினார், அவர் கிளம்பினதும் வேலையை முடிச்சுட்டாங்க. கூடவே யூக்ரோசியான்னு ஒரு விதவையையும் கொன்னாங்க. 389ல ரோம்ல பக்காத்துஸ்ங்கற பேச்சாளர் பேசின பேச்சுல, விதவை மேல போட்ட குற்றமே அதிக பக்திதான்னு வருது.

வாக்குமூலம்னு எங்கயாச்சும் வந்தா, சித்திரவதைக்கு முன்னாடியா பின்னாடியான்னு கண்டிப்பா பாத்துடுங்க.

கடைசியா பிரிசில்லியன் பக்கத்து எழுத்து. 1885ல ஜெர்மனில வூர்ஸ்பர்க்ல ஒரு கையெழுத்துப் பிரதி கிடைச்சுது, 11 கட்டுரை, அவர் எழுதினதா அவர் ஆளுங்க எழுதினதாங்கற சண்டை ஓடிட்டுதான் இருக்கு. முதல் கட்டுரைல மானியை (பாரசீகத்துல தனி மதம் ஆரம்பிச்சவர்) சபிக்கிறாங்க, ஆனா இவங்களை மானியின் ஆளுங்கன்னுதான் தூத்தினாங்க. அதுக்காக உடனே அப்பாவின்னு முத்திரை குத்திடாதீங்க, மூணாவதையும் படிங்க, பைபிள்ல சேராத புத்தகங்களையும் படிக்கலாம்னு அதுல நேராவே வாதாடுறாங்க.