கட்டுரை எழுதச் சொல்லும்போது எங்கே தவறுகிறோம்?

கரும்பலகையில் ‘புயல்’ என்று எழுதி, அதன் கீழே முன்னுரை, விளைவுகள், தற்காப்பு, முடிவுரை என்று உட்தலைப்புகளையும் நாமே கொடுத்துவிடுகிறோம். வகுப்பு முழுக்க ஒரே கட்டுரைதான் வருகிறது. மனப்பாடம் செய்ததற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம். பிள்ளைகளின் எழுத்தை இதைவிடக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை என்பேன்.

தலைப்பைச் சுருக்கிக் கொடுங்கள்: ‘தானே புயலில் எங்கள் தெரு.’ 2011 டிசம்பர் 30 காலை, மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த புயல் அது. இப்போது எட்டாவது படிக்கிற பிள்ளை அன்று பிறந்தே இருக்காது. யாரையாவது கேட்டால்தான் எழுத முடியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த தாத்தாவிடம் போய் உட்காரட்டும். மரம் முறிந்ததா, வேரோடு சாய்ந்ததா? கரண்ட் எத்தனை நாள் இல்லை? மறுபடி நட்ட கன்று எப்போது காய்த்தது?

“ரொம்ப பயங்கரமாக இருந்தது” என்று மட்டும் எழுதி வந்தால் அடிக்காதீர்கள். “என்னத்தப் பார்த்து அப்படிச் சொன்னாங்க?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஓடு பறந்த கூரையும் கட்டிலுக்கடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் அடுத்த முறை தானாக வந்து சேரும். பாட்டி சொன்ன தேதியும் செய்தித்தாளில் உள்ள தேதியும் ஒத்துப்போகவில்லையா? நீங்கள் திருத்த வேண்டாம். யார் சொன்னது எது என்று இரண்டையும் பிள்ளையே எழுதட்டும்.

வாசிப்பிலும் இதே கோளாறுதான். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடு பற்றிய பாடம் வந்தால் “அகழாய்வு எந்த ஆண்டு?” “1945” என்று முடித்துவிடுகிறோம். ரோமானியரோடு வணிகம் நடந்தது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்த ஆம்போரா என்ற ரோமானியச் சாடிகளின் துண்டுகளும் இத்தாலியப் பானை ஓடுகளும்தான் சாட்சி. அந்த வரிகளைப் பிள்ளைகளே தேடி அடிக்கோடிடட்டும். இடம் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது.

வரைபடம், அட்டவணை வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவதும் தவறு. வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் அங்கேயே புரிந்துவிடும்.

கடைசியாகச் சிவப்பு மை. முதல் படியில் ஒற்றுப் பிழையை வட்டமிட்டால், அடுத்த முறை பிள்ளை தெரிந்த சொற்களை மட்டும் வைத்து நாலு வரியில் முடித்துவிடும். முதல் படியில் ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் எழுதுங்கள். எழுத்துப் பிழையை இரண்டாம் படியில் பார்த்துக்கொள்ளலாம்.