பல தண்டு போன்சாய்: கல்லிச்சிக் கன்றிலிருந்து வளர்க்கும் முறை

ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் எழும் போன்சாயை, அதாவது தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரத்தை, குளிர்நாட்டு மரமான மேப்பிளில் உருவாக்குவது வழக்கம். ஆனால் மேப்பிளுக்குக் குளிர்கால ஓய்வு இன்றியமையாதது என்பதால், காவிரிப் படுகையின் வெப்பத்தில் அதை வருத்துவதைவிட, அதே பல தண்டு வடிவத்தை, ஆலமரத்தின் இனமான கல்லிச்சியில் உருவாக்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. பங்குனியில், விரல் பருமனுள்ள கன்றை மண்மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டி, வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.

அடியை ஒட்டித் துளிர்ப்பவற்றில் 3 அல்லது 5 தளிர்களை மட்டும் விட்டுவையுங்கள். அவற்றுள் ஒன்றைக் கிள்ளாமல் ஓடவிட்டால் அது பருத்துத் தலைமைத் தண்டாகும். மற்றவற்றை அவ்வப்போது கிள்ளிவந்தால் பருமனில் வேறுபாடு தானே அமையும், அந்த வேறுபாட்டில்தான் இவ்வடிவத்தின் அழகெல்லாம் இருக்கிறது. தளிர் இளசாக இருக்கும்போதே அலுமினியக் கம்பி சுற்றி வெளிப்புறமாக வளைத்து, பட்டையில் பதியுமுன் கழற்றிவிடுங்கள்.

வயல் வண்டலை மட்டும் தொட்டியில் நிரப்பாதீர்கள். ஐப்பசி அடைமழையில் வேர் அழுகிவிடும். செங்கல் துண்டும் ஆற்று மணலும் பாதிக்கு மேல் இருக்கட்டும்.