மலைமேகத்தில் பனி: நாம் தவறாகப் புரிந்துகொள்பவை

வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனதும் மேகம் முழுக்கப் பனியாகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 0 டிகிரியில் பனி உருகும், அது உறுதி. ஆனால் மேகத்துளி அங்கே உறைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூய நுண்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே இருக்கும். சுவிட்சர்லாந்தில் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராயோக் ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேகம் கடந்து போகும்போது அந்த நீர்த்துளிகள் கம்பியில் பட்ட நொடியே உறைகின்றன. காற்று வரும் பக்கமாகவே வெள்ளை இறகு போலப் பனி நீண்டு வளரும்.

சரி, அந்தரத்தில் மிதக்கும் துளி உறைய என்ன வேண்டும்? ஏதாவது ஒரு துகளின் துணை வேண்டும். அதற்காக எல்லாத் தூசியும் உதவும் என்று எண்ண வேண்டாம். பாலைவனத் தூசியில் உள்ள சில கனிமங்களும் சில பாக்டீரியாக்களும்தான் இதில் கெட்டி. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா மைனஸ் 2 டிகிரியிலேயே நீரை உறையவைக்கும். இப்படிப்பட்ட துகள்கள் மிக அரிது. லட்சக்கணக்கான துளிகள் இருக்கும் ஒரு லிட்டர் காற்றில், மைனஸ் 20 டிகிரியில் வேலை செய்யும் துகள் ஓரிரண்டு தேறினாலே அதிகம்.

பனித்துகள் உருவான பிறகு, துளிகள் வந்து ஒட்டித்தான் அது வளரும் என்பதும் பாதி உண்மையே. பனியின் மேல் நிலைத்திருக்கத் தேவையான நீராவி, நீரின் மேல் தேவைப்படுவதைவிடக் குறைவு. மைனஸ் 15 டிகிரியில் இந்த வித்தியாசம் சுமார் 15 சதவீதம். அதனால் துளிகள் ஆவியாகிச் சுருங்க, பனி கொழுக்கும். ஜெர்மன் வானிலை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வேகனர் 1911-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஆனால் மலைச்சரிவில் இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. சரிவில் காற்று வேகமாக மேலேறும்போது நீராவி தொடர்ந்து கிடைப்பதால், துளியும் பனியும் வெகுநேரம் சேர்ந்தே வாழும்.

எண்ணிக்கையில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். உறையவைக்கும் துகள் எத்தனையோ, பனித்துகளும் அத்தனைதான் என்று கணக்குப் போட்டால், மலையுச்சி அளவீடு பல நூறு மடங்கு கூடக் காட்டக்கூடும். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரிக்குள், பனியின் மேல் துளிகள் மோதி உறையும்போது சில்லுகள் தெறிக்கும் என்று 1974-ல் ஹாலெட், மாசப் என்ற மேக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைவிடக் குளிரான மேகத்துக்கு இந்த விளக்கம் போதாது. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது தரையை. சரிவில் கிடக்கும் பனியைக் காற்று வாரிக் கிளப்பிவிடும், கருவி அதையும் சேர்த்தே எண்ணிவிடும். அப்படி வந்த எண்ணை, ஒரு கிலோமீட்டர் மேலே இருக்கும் மேகத்துக்கும் பொருத்திப் பார்ப்பது பெரும் பிழை.